பச்சமுத்து படித்த ஜெர்மன்

பரமத்தி வேலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி "பிட்டர் பச்சமுத்து வீடு எது?" என்று கேட்டால் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. "ஜெர்மன்காரர் வீடு" என்று கேட்கவேண்டும். கேட்டால் போதும், வெற்றிலைக் கட்டு கட்டிக்கொண்டிருக்கிற ஆள்கூட எழுந்து வந்து சந்து முனைவரை கூட்டிப்போய் விடுவார். அப்படிப் போய்ப் பார்த்தால் முழங்கை வரை கிரீஸ் கறையோடு ஒரு கறுத்த மனுசன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். மேற்கே கோயமுத்தூரைத் தாண்டினவர் இல்லை. ஆனாலும் ஜெர்மன்காரர்தான். ஊர் வைத்த பேரை யாரால் மாற்ற முடியும்?

நாமக்கல் போகிற ரோட்டில் இருந்த நூல் மில்லில் அவருக்கு மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றுபோன ஆள். கை வேலையில் கெட்டிக்காரர். மிஷின் போடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் பதவி உயர்வு வரும்போதெல்லாம் டிப்ளமோ படித்த பையன் ஒருத்தன் சட்டைப்பையில் பேனாவோடு வந்து மேலே உட்கார்ந்துகொள்வான். அந்தப் பையனுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் பச்சமுத்துதான், அவனிடம் ஏச்சு வாங்குவதும் பச்சமுத்துதான். மூன்று தடவை இப்படி நடந்தது. வயிறு எரியாதா? எரிந்தது.

எழுபத்தாறில் மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கார்டிங் மிஷின் வந்தது. பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவிக் கொடுக்கிற மிஷின். பெட்டியைப் பிரித்தால் உள்ளே செங்கல் தண்டிக்கு ஒரு புத்தகம், முழுக்க ஜெர்மன். டிப்ளமோ பையன் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தான். மானேஜர் மருதாசலம் அதைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. மிஷின் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. அப்போதுதான் பச்சமுத்துவுக்குப் பொறி தட்டியது. டிப்ளமோ படித்தவனுக்கும் தெரியாத ஒன்று இந்த மில்லில் இருக்கிறது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேலத்துக்குப் பஸ் ஏறினார். பழைய பேப்பர் கடை கரீம் பாஷா, மூட்டைகளுக்கு அடியிலிருந்து அட்டை போன ஜெர்மன் இலக்கணப் புத்தகம் ஒன்றை உருவிக் கொடுத்தார். "யாரும் தொடாம நாலு வருசமா கெடக்குது தம்பி. நீங்க கொண்டுபோங்க, பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது" என்று சிரித்தார். பச்சமுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் வந்து சேர்ந்தார்.

அந்தப் பாஷை லேசுப்பட்டதா? நமக்கு இது ஒரு சங்கதியே இல்லை. நல்ல மனுசன், நல்ல மனுசனை, நல்ல மனுசனுக்கு என்று சொல்லிக்கொண்டே போவோம். 'நல்ல' என்கிற சொல் இடத்தை விட்டு அசையாது, வால் முளைப்பதெல்லாம் மனுசனுக்குத்தான். ஜெர்மனில் தலைகீழ். மனுசன் பெரும்பாலும் சும்மா நிற்பான். அவனுக்கு முன்னால் நிற்கிற குட்டிச் சொல்லும், 'நல்ல' என்கிற சொல்லும்தான் வேற்றுமைக்கு வேற்றுமை மாறும். டேர் கூட்டெ மன் என்றால் நல்ல மனுசன். டென் கூட்டன் மன், நல்ல மனுசனை. டேம் கூட்டன் மன், நல்ல மனுசனுக்கு. முன்னால் 'ஒரு' என்று வந்தால் கூட்டெ போய் கூட்டர். முன்னால் ஒன்றுமே இல்லையா, நாலாம் வேற்றுமையில் கூட்டெம். இதில் பொருள்களுக்கெல்லாம் ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று மூன்று சாதி வேறு. பெல்ட் ஆணாம், மிஷின் பெண்ணாம்! பன்மையைச் சேர்த்தால் நாலு, வேற்றுமையும் நாலு, ஆக பட்டியலுக்குப் பதினாறு கட்டம். அப்படி மூன்று பட்டியல், மொத்தம் நாற்பத்தெட்டு.

"மாப்பிள்ளை கட்டுன வேட்டியோடயே நிக்கறானாமா, கூட வந்தவங்கதான் முகூர்த்தத்துக்கு ஒண்ணு, பந்திக்கு ஒண்ணுன்னு வேட்டி மாத்திக்கிட்டுத் திரியறாங்க" என்று பெண்டாட்டி சௌந்திரத்திடம் சொல்லிச் சிரிப்பார்.

"இதெப் படிச்சு என்னங்க மாமா ஆவப்போவுது?" என்பாள் அவள்.

"ஆவும் பாரு."

நாற்பத்தெட்டுக் கட்டத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே ராகத்தில் ஒப்பித்தார். எண்ணெய் விடும்போது ஒப்பித்தார், குளிக்கும்போது ஒப்பித்தார், சோற்றைப் பிசைந்துகொண்டே ஒப்பித்தார். மதராசிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்து விடைத்தாள் எழுதிப் போட்டார். தாள்கள் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று திரும்பி வந்தன. மூன்று வருசம். எழுபத்தொன்பதில் மதராசுக்கே போய்ப் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறி, தாளில் சுருட்டின சர்டிபிகேட்டோடு வந்து இறங்கினார்.

அதற்குள் மிஷின் புத்தகத்தையும் தமிழில் எழுதி முடித்திருந்தார். தார்ப்பாய் கழன்றது, மிஷின் ஓடியது. டிப்ளமோ பையன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் நின்று கேட்டான். அதுவரை "பச்சமுத்து, இங்க வா" என்று கூப்பிட்ட மானேஜர் மருதாசலம், ஒரு நாள் காலையில் "பச்சமுத்து, இங்க வாங்க" என்றார். அன்று பச்சமுத்து சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. மில்லையே சுற்றிச் சுற்றி வந்தார்.

எண்பத்தொன்றில் மேலும் நாலு மிஷின் வாங்கினார்கள். மாட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஜெர்மன் பிட்டர் வருவார், பிறகு நம் ஆள் ஒருவர் மூன்று மாதம் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வரலாம் என்று பேச்சு. யார் போவது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பச்சமுத்து பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடித்துக்கொண்டார். சௌந்திரம் இன்னார் இனியார் என்றில்லாமல் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அவளைவிட அதிகமாகச் சொன்னவன் அவள் தம்பி மயில்சாமி. பச்சமுத்து சிபாரிசு பண்ணி மில்லில் சேர்த்துவிட்டவன், கார்டிங் பிரிவிலேயே வேலை பார்த்தான். "எங்க மச்சான் பிளேன்ல போறாருங்க" என்று கேண்டீன்காரரிடம் தினம் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவனுக்கு டீ இறங்காது.

இத்தனை பேரில் ஒருத்தருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை பாருங்கள். இந்த மனுசன் ஒரு ஜெர்மன்காரன் வாயைத் திறந்து பேசி எப்போதாவது காதால் கேட்டிருக்கிறாரா? இல்லை. ஒரு நாளும் இல்லை. படித்ததெல்லாம் கண்ணால், ஒப்பித்ததெல்லாம் தன் வாயால்.

வந்தவர் பேர் கெல்லர். ஐம்பத்தைந்து வயது, நரைத்த தலை, உலக்கை மாதிரிக் கை. இங்கிலீஷ் சுத்தமாக வராது. மில் வாசலில் பச்சமுத்து மாலையும் கையுமாக நின்று, ஒரு வாரமாகத் தயார் பண்ணி வைத்திருந்த வரவேற்பைச் சொன்னார். ஒரு வேற்றுமை பிசகவில்லை. கெல்லர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, பதிலுக்குக் கடகடவென்று என்னமோ பேசினார். பச்சமுத்துவுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

மானேஜர் ஆவலாக, "என்னங்க சொல்றாரு?" என்றார்.

"நம்ம ஊரு நல்லா இருக்குதுங்கறாருங்க" என்றார் பச்சமுத்து. எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் மூன்று நாள் எப்படியோ ஓடியது. மிஷின் அவருக்குத் தெரிந்த மிஷின். கெல்லரும் பாதியைப் படம் போட்டுக் காட்டுவார், அளவை எழுதிக் காட்டுவார். எழுத்தில் வந்தால் பச்சமுத்து புலி. காதில் விழுந்தால்தான் கஷ்டம். கெல்லர் பேச ஆரம்பித்ததும் இவர் மனசு முதலில் தட்டுப்படுகிற 'மிட் டேம் க்ரோஸன்', அதாவது 'அந்தப் பெரிய இன்னதோடு' என்பதைப் பிடித்துக்கொள்ளும். மிட் வந்தால் நாலாம் வேற்றுமை, ஆண்பால், ஆக டேம், ஆக க்ரோஸன், சரிதான் என்று கட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் மூன்று வாக்கியம் போய்விட்டிருக்கும். நின்று கேட்கலாமே என்பீர்கள். பெரியவர் ஒருத்தர் பேசும்போது நம் பக்கத்து ஆள் வாயை மூடிக்கொண்டு நின்றால் அது மரியாதையா? ஊடே ஊடே 'ஆமாங்க, சரீங்க' என்று போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. பச்சமுத்து பிறந்ததிலிருந்து பழகின பழக்கம். கெல்லர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் தலையை ஆட்டி, ஆமாம் என்பதற்கு ஜெர்மனில் சொல்கிற "யா, யா"வைப் போட்டார். கெல்லரும் தன் ஊர்க் கணக்கில், இந்த மனுசனுக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

மரியாதை மட்டும்தானா? அது பாதி. மீதிப் பாதி, சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த டிப்ளமோ பையனும் மானேஜரும்.

நாலாம் நாள் காலை. இந்த மிஷினின் வயிற்றுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு சிலிண்டர், மேலெல்லாம் ஊசிப்பல். சுவிட்சை அணைத்தாலும் அது சட்டென்று நிற்காது, தன் கனத்திலேயே வெகுநேரம் சுற்றும். அது நிற்கும் வரை மேல்மூடி திறக்காதபடி ஒரு பூட்டு உண்டு. மூடி திறந்தால் சிலிண்டர் நின்றுவிட்டது என்று அர்த்தம். பழைய மிஷினிலும் அப்படித்தான், வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம். கெல்லர் சிலிண்டரைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சரிபார்ப்பதற்காக அன்று அந்தப் பூட்டைக் கழற்றி வைத்திருந்தார். ஓடுகிற மிஷின்களின் இரைச்சலில் பச்சமுத்துவை அருகே இழுத்து, மூடியைக் காட்டி, சிலிண்டரைக் காட்டி, ஏதோ சொன்னார். பச்சமுத்து "யா, யா" என்றார். கெல்லர் விரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார். இதற்கும் "யா, யா". எண்ணெய் விடுவதைப் பற்றி இருக்கும், சாயங்காலம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். மிஷினை ஓடவிட்டுவிட்டு இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள்.

சாம்பாரில் கை வைத்திருந்தார் பச்சமுத்து. கார்டிங் பக்கமிருந்து சத்தம் வந்தது.

பஞ்சு அடைத்துக்கொண்டதைப் பார்த்து மயில்சாமி சுவிட்சை அணைத்திருக்கிறான். மூடியை இழுத்துப் பார்த்திருக்கிறான். திறந்தது. திறந்ததே என்று கையை விட்டான். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு மில் ஜீப்பில் கொண்டுபோகும்போது அவன் தலை பச்சமுத்துவின் மடியில் இருந்தது. "மூடி தொறந்துச்சுங்க மச்சான்... தொறந்துச்சுங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தான். பச்சமுத்துவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, கெல்லர் விரலை உயர்த்திச் சொன்னது என்ன என்று. ஐயோ என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

கெல்லர் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, விபத்தைப் பற்றித் தன் கையால் ஜெர்மனில் இரண்டு பக்கம் எழுதி மானேஜரிடம் கொடுத்துவிட்டு மதராசுக்குக் கிளம்பினார். போகும்போது பச்சமுத்துவுக்குக் கை கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மானேஜர் அந்த இரண்டு பக்கத்தை அவரிடம் நீட்டினார். "திங்கக்கிழமை விசாரணைங்க. மயில்சாமி மேல அஜாக்கிரதைன்னு எழுதியிருக்கோம். ஓடற மிஷின்ல கைய விட்டிருக்கான், வேலைல வச்சுக்க முடியாது. உங்க மச்சினன்தான், இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க. இதெ நீங்க தமிழ்ல படிச்சுச் சொல்லிட்டா அதுதான் ரிக்கார்டு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க ஜெர்மனி பேப்பரும் கையெழுத்துக்குப் போயிருக்குதுங்க" என்றார்.

பச்சமுத்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றே படித்துவிட்டார். இப்போது எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு டேரும் டேமும் அதது இருக்க வேண்டிய இடத்தில் தெளிவாக இருந்தது. அந்த மில்லில், ஏன், அந்தத் தாலுகாவிலேயே இதைப் படிக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான். ஒரு பேரை மாற்றிச் சொன்னால் போதும். கெல்லர் பச்சமுத்துவிடம் சொன்னார் என்பதை, எல்லோரிடமும் காட்டிச் சொன்னார் என்று ஆக்கினால் போதும். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கெல்லர் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சௌந்திரத்தோடு மச்சினன் வீட்டுக்குப் போனார். மயில்சாமி கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி கண்ணாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அழுதுவிடுவோமோ என்று உடனே உள்ளே போய்விட்டாள்.

"நாந்தானுங்க அவசரப்பட்டுப் போட்டேன்" என்றான் மயில்சாமி. "இன்னும் சித்தெ நேரம் நின்னு பாத்திருக்கோணும். மூடி தொறந்த ஒடனே கைய வுடலாமுங்களா? எம்மேலதான் தப்பு. இதுனால உங்க பிரயாணம் ஒண்ணும் கெட்டுப்போயிராதுங்களே மச்சான்?"

பச்சமுத்து மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சௌந்திரம் மறித்துக்கொண்டாள்.

"அந்தக் கடுதாசில என்னங்க எழுதியிருக்குது? நேத்திருந்து சட்டைப்பையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறீங்க."

அவர் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு முழுக்கச் சொன்னார். அவள் "நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனுங்களே மாமா" என்று அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். படி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வரை அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை மானேஜர் அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். டிப்ளமோ பையன் நோட்டோடு ஓரத்தில். மயில்சாமி கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மச்சான் படிக்கப்போகிறார் என்று அந்த நிலைமையிலும் அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்த்ததும் பச்சமுத்துவுக்கு உயிரே போனது.

காகிதத்தைப் பிரித்தார். மிஷினின் பேர், நம்பர், தேதி எல்லாம் வழவழவென்று வந்தன. அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். மானேஜர், "சொல்லுங்க பச்சமுத்து" என்றார்.

அவர் படித்தார். "நான் மூடியின் பூட்டைக் கழற்றி வைத்திருந்தேன். மூடி திறந்தாலும் சிலிண்டர் சுற்றிக்கொண்டிருக்கும், யாரும் கையை விடக்கூடாது, எல்லாத் தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் பச்சமுத்துவிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் அவர் ஆமாம், ஆமாம் என்றார்."

பச்சமுத்து மீதியையும் படித்துவிட்டு, காகிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தார்.

"இப்படியா எழுதியிருக்குது?" என்றார் மானேஜர். திருத்திக்கொள்ள ஒரு வழி விட்டமாதிரி இருந்தது.

"இப்படித்தானுங்க எழுதியிருக்குது."

"உனக்கு வெளங்குச்சா, வெளங்கலையா?"

"வெளங்கலீங்க. ஒரு வார்த்தைகூட வெளங்கலீங்க."

"அப்புறம் எதுக்கய்யா ஆமா போட்டே?"

"பேசிக்கிட்டிருந்தாருங்க" என்றார் பச்சமுத்து. "பேசறப்ப எப்படிங்க சும்மா நிக்கறது?" மறுபடி அவரே சொன்னார். "தெரியாதுன்னு சொல்ல வெக்கமாவும் இருந்துச்சுங்க."

மயில்சாமி மேல் போட்ட குற்றம் அன்றே தள்ளுபடியானது. இரண்டு விரல் கையோடு கேட்டில் நின்று பதிவு எழுதுகிற வேலை கொடுத்தார்கள், இடது கையால் எழுதப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். பச்சமுத்துவை வேலையை விட்டு எடுக்கவில்லை. கார்டிங் பக்கம் வரக்கூடாது, பழைய ஸ்பின்னிங் பிரிவிலேயே பிட்டராக இருந்துகொள் என்றார்கள். ஜெர்மனிக்கு டிப்ளமோ பையன் போவதாக முடிவானது. அவனுக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாது. அங்கேயே ஆள் வைத்துக்கொள்வார்களாம்.

அன்று சாயங்காலம் மச்சானும் மச்சினனும் மில் வாசலில் வேலூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். காலையிலிருந்து மயில்சாமி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டுவான் என்று பச்சமுத்து காத்துக்கொண்டிருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கரும்பு ஏற்றிக்கொண்டு மோகனூர் ஆலைக்குப் போகிற லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. புழுதி அடங்கினபிறகு அவன் வாயைத் திறந்தான்.

"ஏனுங்க மச்சான், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு மாப்ள."

"எனக்கு வெளங்கலீங்க, அப்படீன்னு சொல்றதுக்கு அவிங்க பாசையில வார்த்தை கெடையாதுங்களா?"

குத்தலாகக் கேட்கவில்லை. மூன்று வருசம் கண் கெடப் படித்த மனுசன், இருந்தால் சொல்லாமலா இருந்திருப்பார், ஒருவேளை அப்படி ஒரு வார்த்தையே அந்தப் பாஷையில் இல்லையோ என்னவோ என்று, இல்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று, நிஜமாகவே கேட்டான்.

பச்சமுத்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டில் தொங்குகிற கையைப் பார்த்தார்.

"இருக்குது மாப்ள" என்றார். "மூணே வார்த்தை. மொதப் பாடத்துலயே இருக்குது."